படிக்க முடியாத எழுத்து யாருக்கு விடுதலை?

எங்க ஆயா எழுத்தைப் படமாகத்தான் பார்த்தது. 'கோழி கிளறுனாப்ல கீதுடா' என்று சொல்லும். சிறுசேரியில் அது உழுத துண்டு நிலம், அப்படிக் கோழி கிளறிய ஒரு காகிதத்தில் கட்டைவிரலை உருட்டியதோடு போனது. என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல அன்றைக்குச் சேரியில் ஆளில்லை.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. எங்களுக்குக் கொஞ்ச தூரத்தில், ஈஞ்சம்பாக்கத்தில், 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. 1963 முதல் அவர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டங்கள், கணக்குக் குறிகள், மலையாளச் சாயலில் படிக்க முடியாத எழுத்துகள். அங்கே எழுத்து அர்த்தத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் கோடாக நிற்கிறது. மொழியின் விடுதலை என்று இதைக் கொண்டாடுகிறார்கள் விமர்சகர்கள். பணிக்கரின் கைத்திறனோடு நமக்குச் சண்டையில்லை. விமர்சகர்களைத்தான் கேட்கிறோம்: அர்த்தத்தைக் கழற்றிப் போட, அது முதலில் கையில் இருக்க வேண்டாமா? தலைமுறை தலைமுறையாக எழுத்து மறுக்கப்பட்ட சனத்துக்குப் படிக்க முடியாத எழுத்து ஓவியமல்ல, பத்திரம்.

இதே செங்கல்பட்டுச் சீமையின் கலெக்டர் டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கையை ஒட்டித்தான் 1892-இல் பஞ்சமி நிலம் வழங்கும் ஆணை வந்தது. மற்றவர்களுக்கு விற்கக்கூடாது என்பது அதன் நிபந்தனை. எழுத்தில் வந்த அந்த நிலங்கள் எழுத்தாலேயே பறிபோயின.

நம்முடைய படம் வேறு. நீலக் கோட்டு, நீட்டிய விரல், மார்போடு அணைத்த ஒரு புத்தகம். சிமெண்டு பொம்மை என்று கலை தெரிந்தவர்கள் சிரிக்கிறார்கள். அந்தப் புத்தகத்தில் ஓரெழுத்தும் தெரியாது. ஆனாலும் ஆயா அதைப் படித்துவிட்டது: 'அவரு கையில நம்ம பட்டா கீது.' எழுத்தும் படமும் ஒன்றாகிற இடம் இதுதானே?

காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போனவர்கள் அங்கே இந்தச் சிலையைத்தான் நட்டார்கள். போலீஸ் அகற்றியது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நியாயம் கேட்டுத் திரண்டவர்கள் மீது துப்பாக்கிச் சூடு. ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். அந்தச் சிமெண்டின் அர்த்தம் சுட்டவர்களுக்குத் தெரியும். இருட்டில் சிலையின் கையை உடைக்க வருகிற சாதி வெறியனுக்குத் தெரியும். பாதுகாப்பு என்று சொல்லி ஊருக்கு ஊர் கம்பிக்கூண்டு போடுகிற அரசுக்கும் தெரியும்.

தெரியாதது விமர்சகருக்கு மட்டுந்தான். ஐயா, காட்சிக்கூடத்தை விட்டு இறங்கி வாருங்கள். கூண்டுக்குள் இருக்கும் அந்தப் புத்தகத்தைப் பற்றி எழுதுங்கள். எங்களுக்குப் படிக்கிறாப்போல எழுதுங்கள்.