தைமஸ்: கழுத்தில் உருவாகி நெஞ்சுக்கு இறங்கும் உறுப்பு, ஏன் இதைத் தெரிஞ்சுக்கணும்?

பிறந்து இரண்டு நாளே ஆன குழந்தைக்கு வலிப்பு வருகிறது. ரத்தத்தைப் பரிசோதித்தால் கால்சியம் குறைவு. எக்கோ எடுத்துப் பார்த்தால், இதயத்திலிருந்து வெளியேறும் பெரிய ரத்தக் குழாயில் கோளாறு. வலிப்புக்கு ஒரு டாக்டர், இதயத்துக்கு இன்னொரு டாக்டர் என்று குடும்பம் அலையத் தொடங்கும். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரிதான் தெரியும். ஆனால், இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவர் மூன்றாவதாக ஒன்றைக் கேட்பார்: 'தைமஸ் இருக்கா?'

தைராய்டு இல்லை, தைமஸ். நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்தின் மேல்பகுதியைப் போர்த்தியபடி இரண்டு மடல்களாக இருக்கும் மென்மையான உறுப்பு. பருவ வயதுக்குப் பிறகு மெல்லச் சுருங்கிக் கொழுப்பாக மாறிவிடும். அதனாலோ என்னவோ, இது எதற்கு இருக்கிறது என்பதே ரொம்ப காலம் யாருக்கும் புரியவில்லை. 1961-ல் லண்டனில் ஜாக் மில்லர் என்ற ஆய்வாளர், பிறந்த உடனே எலிக்குஞ்சுகளின் தைமஸை அகற்றிப் பார்த்தார். அவை தொற்றுகளைத் தாங்க முடியாமல் நலிந்தன. வேறு எலியின் தோலை ஒட்ட வைத்தாலும் எதிர்ப்பே காட்டவில்லை. நோய் எதிர்ப்பின் முக்கியப் படையான டி செல்கள் இங்கேதான் தயாராகின்றன என்பது அதன் பிறகே தெளிவானது.

சரி, இதயமும் கால்சியமும் இதில் எங்கே வந்தன? அதற்குக் கருவின் கழுத்துக்குப் போக வேண்டும்.

நான்கு பைகள்

கரு உருவாகி ஐந்தாவது வாரம். மாதவிடாய்த் தேதியிலிருந்து எண்ணும் வழக்கமான கணக்கில் ஏழாவது வாரம். பல பெண்களுக்குக் கர்ப்பமே அப்போதுதான் உறுதியாகியிருக்கும். கருவின் நீளம் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. அதன் தொண்டையின் உள்சுவர் இரு பக்கமும் சின்னச் சின்னப் பைகளாகப் பிதுங்குகிறது, பக்கத்துக்கு நான்கு. முதல் பை பின்னாளில் நடுக்காதாகிறது. இரண்டாவது பையிலிருந்து டான்சில்.

மூன்றாவது பைதான் விஷயம். அதன் மேல்பகுதி, உடலின் கால்சியம் அளவைக் கவனித்துக்கொள்ளும் பாராதைராய்டு சுரப்பியாகிறது. கீழ்ப்பகுதி தைமஸ். இங்கே ஃபாக்ஸ்என்1 என்ற மரபணு வேலையைத் தொடங்கினால்தான் அந்தச் செல்கள் முழுமையான தைமஸ் செல்களாக முதிரும். ரோமம் இல்லாத ஒரு வகை ஆய்வக எலிக்கு இந்த மரபணு பழுது. அதற்கு ரோமமும் இல்லை, தைமஸும் இல்லை.

ஆறாவது, ஏழாவது வாரங்களில் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இருக்கும் இந்த மொட்டுகள் தொண்டையிலிருந்து கழன்று கீழே இறங்குகின்றன. எட்டாவது வாரவாக்கில் நெஞ்சுக்குள் நடுவில் சந்தித்து ஒட்டிக்கொள்கின்றன. போகிற போக்கில் பாராதைராய்டையும் கூடவே இழுத்துக்கொண்டு போய், தைராய்டின் கீழ் ஓரத்தில் விட்டுவிடுகின்றன. நான்காவது பையிலிருந்து வரும் இன்னொரு ஜோடி பாராதைராய்டு இவ்வளவு தூரம் பயணம் செய்வதில்லை. எனவே, மேல் பையில் பிறந்தது கீழேயும், கீழ் பையில் பிறந்தது மேலேயும் இருக்கும். அறுவை சிகிச்சையில் கீழ் பாராதைராய்டு இருக்க வேண்டிய இடத்தில் இல்லையென்றால், சர்ஜன் தைமஸ் பக்கம் தேடுவது இதனால்தான்.

இதுவரை உருவானது காலி கட்டிடம் மாதிரி. ஒன்பதாவது வாரவாக்கில்தான் மாணவர்கள் வரத் தொடங்குகிறார்கள். முதலில் கருவின் கல்லீரலிலிருந்தும், பிறகு எலும்பு மஜ்ஜையிலிருந்தும் இளம் செல்கள் வந்து சேர்கின்றன. அவற்றுக்குக் கடுமையான பரீட்சை. அடையாளம் காணவே தெரியாதவை சாகும். சொந்த உடலையே தாக்கக்கூடியவையும் சாகும். இதைச் சோதிக்க, கணையத்தில் சுரக்கும் இன்சுலினைக்கூட தைமஸ் தானே கொஞ்சம் தயாரித்துக் காட்டுகிறது! உள்ளே வந்ததில் 95 சதவீதத்துக்கும் மேல் வெளியே வருவதே இல்லை. தேறியவைதான் டி செல்கள்.

ஒரே வட்டாரம், மூன்று உறுப்புகள்

தைமஸ் மொட்டைச் சுற்றி உறையாக அமைவது, கருவின் நரம்புக் குழாய் விளிம்பிலிருந்து புறப்பட்டு வரும் நாடோடி செல்கள். அதே கூட்டத்தின் இன்னொரு பகுதி அதே தொண்டை வட்டாரத்தைக் கடந்து இதயத்துக்குப் போய், ரத்தக் குழாயை இரண்டாகப் பிரிக்கும் சுவரைக் கட்டுகிறது. அந்த வட்டாரத்தில் ஒரு தடங்கல் என்றால் மூன்றுமே பாதிக்கப்படலாம்.

1965-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஏஞ்சலோ டிஜார்ஜ் கவனித்தது இதைத்தான். பாராதைராய்டு இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்குத் தைமஸும் இல்லை. பெரும்பாலான நோயாளிகளிடம் 22-வது குரோமோசோமில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருப்பது பின்னர் தெரியவந்தது. தொண்டைப் பைகள் சரியாக வளரத் தேவையான டிபிஎக்ஸ்1 மரபணு அந்தத் துண்டில்தான் இருக்கிறது. சுமார் 4,000 குழந்தைகளில் ஒருவருக்கு இந்தக் குறை இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு.

இதில் சுமார் 90 சதவீதம், பெற்றோர் இருவருக்கும் இல்லாமல் புதிதாக நேர்வது. கர்ப்பத்தில் என்ன சாப்பிட்டாய், கிரகணத்தில் வெளியே போனாயா என்று தாயைக் குடைவதில் அர்த்தமே இல்லை. மீதி 10 சதவீதத்தில், தனக்கு இருப்பதே தெரியாத அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்திருக்கும். அப்போது ஒவ்வொரு கர்ப்பத்திலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதனால் பெற்றோருக்கும் பரிசோதனை தேவை.

பெரும்பாலான குழந்தைகளுக்குத் தைமஸ் சிறியதாகவாவது இருக்கும், சமாளித்துவிடுவார்கள். முற்றிலும் இல்லாதவர்கள் 100-ல் ஒருவருக்கும் குறைவு. ஆனால், அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். நம் ஊரில் பிறந்ததும் போடும் பிசிஜி உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்தது. டி செல் இல்லாத குழந்தைக்கு அது ஆபத்து. (இதைப் படித்துவிட்டு மற்ற குழந்தைகளுக்குத் தடுப்பூசியைத் தள்ளிப்போடுவது அதைவிடப் பெரிய ஆபத்து.) இதய ஆபரேஷனில் ஏற்றும் ரத்தத்தையும் கதிர்வீச்சுக்கு உட்படுத்தித்தான் தர வேண்டும். இல்லையென்றால் தானம் தந்தவரின் வெள்ளணுக்களே குழந்தையைத் தாக்கும். இதயத்திலிருந்து புறப்படும் குழாய்களில் கோளாறோடு பிறக்கும் குழந்தைக்குக் குரோமோசோம் பரிசோதனையும் டி செல் எண்ணிக்கையும் பார்ப்பதை ஆடம்பரம் என்று தள்ளக் கூடாது. மருத்துவமனையே சொல்லாவிட்டாலும் குடும்பத்தினர் கேட்கலாம், கேட்க வேண்டும்.

தைமஸே இல்லாத குழந்தைக்கு என்ன வழி? பச்சிளம் குழந்தையின் இதயத்தை ஆபரேஷன் செய்யும்போது, வழியை மறைக்கும் தைமஸில் ஒரு பகுதியை சர்ஜன்கள் வெட்டி எடுப்பது வழக்கம். குப்பைக்குப் போக வேண்டிய அந்தத் திசுவை ஆய்வகத்தில் இரண்டு, மூன்று வாரம் வைத்துப் பக்குவப்படுத்தி, தைமஸ் இல்லாத குழந்தைக்குப் பொருத்தும் முறையை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் மார்கெர்ட் குழு பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கியது. 2021 அக்டோபரில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அனுமதி தந்தது. பொருத்துவது நெஞ்சில் இல்லை, தொடைத் தசையில். குழந்தையின் சொந்த இளம் செல்கள் மஜ்ஜையிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்து, ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் டி செல்களாக வெளிவரத் தொடங்குகின்றன.