அறுக்குமுன் இடமறிதல்

கழுத்தில் தைராய்டின் பின்புறத்தே நெல்மணியளவாய்ப் பெரும்பாலும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உள. அவற்றுள் ஒன்று மிகையாய்ச் சுரப்பின், எலும்பின் கால்சியம் இரத்தத்திற் கலக்கும், எலும்பு நலியும், சிறுநீரகத்திற் கல் விளையும்.

அமெரிக்கக் கப்பற்றலைவர் சார்லஸ் மார்ட்டெல் என்பார் இந்நோயால் ஏழுமுறை அறுவைக்குட்பட்டார். முன்னை அறுவைகளில் அகப்படாத கட்டி 1932-ஆம் ஆண்டு மார்பினுள்ளே காணப்பட்டது. ஆயினும் சில வாரங்களில் அவர் மாண்டார்.

இக்காலத்தோ, டெக்னீசியம் செஸ்டமிபி என்னும் கதிர்வீசும் மருந்தை இரத்தக்குழாயிற் செலுத்தி, அது தங்குமிடத்தைப் படமெடுத்து, அறுக்குமுன்னரே இடமறிகின்றனர். இதனை யாம் மனமுவந்து வரவேற்கின்றோம்.

நிற்க. படம் இடத்தைக் காட்டும். நோயைத் துணிவது இரத்தச் சோதனையே. படத்தில் ஒன்றுந் தோன்றாமைபற்றி நோயாளிக்குச் சிகிச்சையை மறுத்தலும், படமொன்றையே நம்பிப் பழகாத கையிற் கத்தியைக் கொடுத்தலும் தகா என்பது எமது துணிபு.