போர் போடுவதற்கு முன்னால் ஒரு பி.பி. மெஷின்

லீவுக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வருஷத்தில் பதினோரு மாதம் தார்ப்பாய்க்குள் கிடக்கும் அப்பாவின் ஆர்எக்ஸ் 100-க்கு "போர் போடணும்" என்று மெக்கானிக் சொன்னால், காற்றுக் கசிவு பார்க்காமல் தலையாட்டாதீர்கள்.

பாறசாலை, உதியன்குளங்கரை, நெய்யாற்றின்கரை என்று அந்தப் பக்கம் போனாலும், களியக்காவிளை, குழித்துறை என்று இந்தப் பக்கம் வந்தாலும் வைத்தியம் ஒன்றுதான். 1956-ல் விளவங்கோட்டை இங்கும் நெய்யாற்றின்கரையை அங்கும் பிரித்தார்கள்; பட்டறைப் பழக்கம் பிரியவில்லை. வண்டி சூடாகிறது, ஆக்ஸிலேட்டரை விட்டாலும் ரேஸ் குறையவில்லை என்று கொண்டுபோனால், கார்புரேட்டரைக் கழற்றிப் பெரிய ஜெட் போடுவார்கள். பெட்ரோல் அதிகமாகி நோய் கொஞ்ச நாள் மறையும். கசிவு அப்படியே இருக்கும். ஒரு நாள் பிஸ்டன் ஜாம் ஆகும். பிறகு போர்.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க் கேஸுக்குள்தான் போகும். பிஸ்டன் மேலே போகும்போது உள்ளே இழுக்கும், கீழே வரும்போது சிலிண்டருக்குத் தள்ளும். ஆகவே கிராங்க் கேஸ் ஒரு பம்ப். அதில் எங்கே ஓட்டை இருந்தாலும் கார்புரேட்டரை ஏமாற்றிவிட்டுக் காற்று நுழையும். கலவை மெலியும், பிஸ்டன் சூடாகி ஊதும், சிலிண்டரைக் கவ்விப் பிடிக்கும். ஓடும்போது இது நடந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். பெட்ரோல் டேங்க் மேல் பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு ரப்பர் தோட்டத்து மண்பாதையில் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். (வேகம் சட்டென்று விழுந்தால் உடனே கிளட்சைப் பிடியுங்கள், அதுதான் முதலுதவி.)

ஓட்டை இருக்கும் இடங்கள் அதிகமில்லை. கார்புரேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் வெடித்திருக்கும், அல்லது சிலிண்டர் அடிப் பேக்கிங் போயிருக்கும். இல்லையென்றால் கிராங்கின் இருபுறமும் உள்ள ஆயில் சீல். மேக்னெட் பக்கம் போனால் காற்று வரும். கிளட்ச் பக்கம் போனால் கியர் ஆயில் உள்ளே போகும். புகை கூடும், ஆயில் அளவு குறையும். வண்டி சும்மா கிடந்தால் சீல் காய்ந்து இறுகும். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் வேறு. பழைய ரப்பருக்கு அது நல்லதல்ல. (நம்ம தோட்டத்து ரப்பர்ப்பால் சீலுக்கு ஆகாது, பெட்ரோலில் ஊதிவிடும். நைட்ரைல்தான் வேண்டும்.)

இங்கே ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. வென்டிலேட்டரை நோயாளிக்கு மாட்டும் முன்னால் கசிவுச் சோதனை செய்தாக வேண்டும். அதே ஒழுங்கை வண்டிக்கும் கேட்கிறேன், அவ்வளவுதான். கருவிக்கும் அலைய வேண்டாம். கடிகாரம் மாதிரி முள் உள்ள பழைய பி.பி. மெஷின் போதும். அதில் 300 வரை ஏற்றினால் கிட்டத்தட்ட 5.8 பி.எஸ்.ஐ.; இந்தச் சோதனைக்கு வேண்டிய அழுத்தம் அதுவே. கம்ப்ரஸரை மட்டும் கொண்டுவராதீர்கள், நல்ல சீலும் பிதுங்கிவிடும்.

கார்புரேட்டரையும் சைலன்ஸரையும் கழற்றி, இரண்டு வாயையும் ரப்பர் வைத்து இறுக்கி அடையுங்கள். பிளக் அதன் இடத்திலேயே இருக்கட்டும். பிஸ்டனைக் கீழே இறக்கிவிட்டு, கார்புரேட்டர் பக்க அடைப்பில் ஒரு குழாய் செருகி பல்பை அழுத்துங்கள். முள் ஐந்து நிமிஷம் அசையாமல் நின்றால் கசிவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும். மேக்னெட் பக்கம் பார்க்க ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டும். கியர் ஆயில் ஊற்றும் துளையில் காற்று வந்தால் குற்றவாளி கிளட்ச் பக்க சீல்.

அரை மணி நேர வேலைக்குக் கூலி கேட்க மெக்கானிக்குக் கூச்சம், கொடுக்க நமக்கு மனசில்லை. போருக்கு என்றால் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம்! 50 மி.மீ. சிலிண்டரை ஒவ்வொரு தடவையும் கால் மி.மீ. வீதம் கடைந்தால் எத்தனை தடவை தாங்கும்? 1996-ல் நின்றுபோன வண்டி அது. சோதனைக்கென்று தனியாகக் கூலி பேசுங்கள். பக்கத்தில் நின்று முள்ளைப் பாருங்கள். முள் நின்ற பிறகும் அவர் போர் என்றால், அப்போது கேளுங்கள்.