உயிருக்கு ஏது ராகு காலம்?

புதன்கிழமை. பகல் மணி 11.50.

எங்கள் தெருவில் வீட்டு வாசலிலேயே மெஷின் போட்டுத் துணி தைப்பவர், கத்தரிக்கோலை எடுக்கப் போனார். கை வரவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியது. பேச்சு குழறியது. அப்படியே சரிந்துவிட்டார்.

எதிர்க்கடைக்காரர் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தார். ஆளைத் தூக்கி ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து வீட்டுப் பெரியம்மாவின் கண் சுவரில் இருந்த காலண்டரில் விழுந்தது.

"12 மணிக்கு ராகு காலம் பொறக்குது. இப்ப வாசல் தாண்டக் கூடாது. ஒன்றரைக்கு மேல கூட்டிட்டுப் போலாம்."

ஆட்டோக்காரர் கெஞ்சினார். "அம்மா, ஆள் நெலம சரியில்ல. ஏத்துங்கம்மா, நான் பறந்துட்டுப் போறேன்!"

கேட்கவில்லை.

நான் ஸ்டேஷன் வேலை முடிந்து சாப்பிட வந்தபோது மணி 1.20. ஆட்டோ வாசலில்தான் நின்றது. நானும் சத்தம் போட்டுப் பார்த்தேன். "பத்து நிமிஷம்தானே தம்பி" என்றார்கள். 1.30 ஆன பிறகுதான் ஆளைத் தூக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?"

வீட்டார் யாரும் வாய் திறக்கவில்லை. நான்தான் சொன்னேன். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி 2.10.

உயிர் பிழைத்தது. வலது கைதான் திரும்பவில்லை. "இன்னும் சீக்கிரம் வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த பெட்டுக்குப் போய்விட்டார்.

நாலரை மணி நேரக் கெடு

மூளையில் ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து இருக்கிறது. பொதுவாக அதற்குக் கெடு நாலரை மணி நேரம். அதற்குள் ஆஸ்பத்திரி போகணும், ஸ்கேன் எடுக்கணும், ஊசி போடணும். பெரிய குழாய் அடைத்தால் நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த நாலரை மணி நேரத்தில் ஒரு ராகு காலத்தைக் கழித்தால் மூன்றில் ஒரு பங்கு காலி!

மாரடைப்புக்கும் இதே கதைதான். விபத்தில் ரத்தம் போகிறவனுக்கும் இதே கதைதான்.

காலண்டர் சொல்வது சரியா?

சரி, சாஸ்திரத்தை நம்புகிறவர்களிடம் சாஸ்திரத்தை வைத்தே பேசுவோம்.

சூரியன் உதிப்பதிலிருந்து மறைவது வரை உள்ள பகலை எட்டாகப் பங்கு போட்டு, கிழமைக்கு ஒரு பங்கை ராகுவுக்குக் கொடுப்பதுதான் கணக்கு. 6 மணிக்கு உதித்து 6 மணிக்கு மறைந்தால் ஒரு பங்கு ஒன்றரை மணி. அதைத்தான் திங்கள் 7.30 முதல் 9, வெள்ளி 10.30 முதல் 12 என்று அச்சடித்து வருஷம் முழுக்கத் தொங்கவிடுகிறோம்.

ஆனால் சென்னையில் சூரியன் தினமும் 6 மணிக்கா வருகிறது? டிசம்பர் கடைசியில் உதயம் சுமார் 6.26. அந்தக் கணக்குப்படி திங்கட்கிழமை ராகு காலம் 7.51-க்கு ஆரம்பித்து 9.16 வரை போகும். "9 மணி ஆச்சு, கிளம்பு" என்று புறப்படுகிறவர் நட்ட நடு ராகு காலத்தில்தான் பஸ் ஏறுகிறார்! ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமையில் 6 மணிக்கு முடிந்ததாக நினைக்கிறோம். கணக்குப்படி அது அஸ்தமனம் வரை, அதாவது சுமார் 6.37 வரை உண்டு.

இத்தனை வருஷமாக இப்படிப் போனவர்கள் எல்லாம் வீடு திரும்பவில்லையா?

இன்னொன்று. ராகு காலம் புதுக் காரியம் தொடங்குவதற்குத்தான் ஆகாது என்பார்கள். ஏற்கெனவே நடக்கிற காரியத்துக்கு இல்லை. அதே ராகு காலத்தில்தான் செவ்வாயும் வெள்ளியும் துர்க்கை சன்னதியில் எலுமிச்சம்பழ விளக்கேற்றப் பெண்கள் கூட்டம். கும்பிடப் போகலாம், ஆஸ்பத்திரி போகக் கூடாதா? ஆபத்துக்குப் பாவமில்லை என்று சொன்னதும் நம் பெரியவர்கள்தானே!

திருடன் நேரம் பார்ப்பதில்லை

ஸ்டேஷன் வாசலிலும் இந்தக் கூத்தைப் பார்க்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை, வண்டியைப் பறிகொடுத்தவர் 11 மணிக்கே வந்துவிட்டார். உள்ளே போகாமல் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். கேட்டால், "12 அடிக்கட்டும் சார்" என்கிறார். ஒரு மணி நேரத்தில் வண்டி எந்த ஊர் எல்லையைத் தாண்டுமோ?

போனில் ஏமாற்றிப் பணத்தைச் சுருட்டுகிறவன் கதை இன்னும் மோசம். நிமிஷத்தில் பணம் நாலு கணக்குக்கு மாறிவிடும். உடனே 1930-க்குச் சொன்னால்தான் வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

நேரம் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கல்யாணம், கிரகப்பிரவேசம், கடை திறப்பு எல்லாம் காத்திருக்கக் கூடிய காரியங்கள். மனசுக்குத் திருப்தியாக நாள் பார்த்துச் செய்யுங்கள். சுபமுகூர்த்த நாளில் கூட்டம் தாங்காமல் பத்திரப்பதிவு ஆபீசில் 100 டோக்கனை 150 ஆக்கி அரசாங்கமே அறிவிப்புக் கொடுத்திருக்கிறது. பத்திரம் நாளைக்கும் பதியலாம். நின்று போகிற மூச்சு நாளைக்கு வராது.

தெருவில் அந்தத் தையல் மெஷின் இப்போது மூடிக் கிடக்கிறது. பெரியம்மா என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நல்லது நடக்கணும் என்றுதான் அவரும் காத்திருந்தார்.

நீங்கள் காத்திருக்காதீர்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு பேனாவை எடுங்கள். காலண்டரில் ராகு காலம் போட்டிருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே பெரிதாக 108, 1930 என்று எழுதி வையுங்கள்.

ஆபத்து வந்தால் அதைப் பாருங்கள். அதுதான் நல்ல நேரம்!