செம்மண்ணில் இரும்புக்குப் பஞ்சமா?

ஆண்டிமடம் வட்டாரச் செம்மண்ணுக்கு நிறம் தருவதே இரும்புதான். அதனால் இங்கு இரும்புச்சத்துக் குறைபாடு வராது என்று இருந்துவிடக் கூடாது.

இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான்களை இழந்தால் பெரஸ் அயனி. மூன்றை இழந்தால் பெரிக் அயனி. செம்மண்ணில் இருப்பது பெரும்பாலும் துருவைப்போல் நீரில் கரையாத பெரிக் வடிவம். நிலக்கடலை வேர் அதைப் பெரஸாக மாற்றித்தான் உறிஞ்சும். மண்ணிலோ பாசன நீரிலோ சுண்ணாம்பு மிகுந்தால் அந்த வேலை தடைபடும். இளம் இலையில் நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி வெளுக்கும். தழைச்சத்துக் குறைவென்றால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் யூரியா போடுவது வீண்செலவு.

பெரஸ் அயனியும் சல்பேட் அயனியும் சேர்ந்த உப்பே அன்னபேதி. சுண்ணாம்பு நிலத்தில் அதை வெறுமனே தூவினால் விரைவில் பெரிக்காகி முடங்கிவிடும். 10 லிட்டர் நீருக்கு 100 கிராம் அன்னபேதி, 10 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, அன்றே மாலையில் இலைவழி தெளிப்பதே பலன் தரும்.

வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். வெளிர்பச்சை என்றால் நல்ல சரக்கு. பழுப்பேறியது வீரியம் குறைந்தது. மண் பரிசோதனை அட்டையைத் தரும் களப்பணியாளர்கள், சுண்ணாம்பின் அளவையும் இந்த நிற வேறுபாட்டையும் விவசாயிக்கு விளக்கிச் சொல்ல வேண்டும்.