பெயர் வந்தது, ஊர் வந்ததா?

பெயர் வைப்பது எளிது. பொருந்தப் பெயர் வைப்பது அரிது. வீட்டில் ஒரு குழந்தை பிறந்தால் பாட்டன் பெயரா, குலதெய்வத்தின் பெயரா என்று பத்து நாள் யோசிக்கிறோம். ஓர் உலகத்தையே படைத்து, அதன் மன்னர் முதல் மாடு மேய்ப்பவர் வரை அனைவருக்கும் பெயர் வைக்க வேண்டுமென்றால்? கற்பனை உலக விளையாட்டுகளை ஆக்குவோர் முன் நிற்கும் கேள்வி இது. நம் மாணவ நண்பர்கள் பலர் கணிப்பொறியிலும் கைபேசியிலும் நாள்தோறும் உலவுகின்ற உலகங்கள் அவை. ஆகவே கேள்வி நமக்கும் உரியதே.

இவ்வகை விளையாட்டுகளுக்கு வழிகாட்டியது, 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்சும் டேவ் ஆர்னசனும் ஆக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் வீரனாகவும் மந்திரவாதியாகவும் பேசுவர். பகடை வெற்றி தோல்வியைச் சொல்லும். அரங்கமும் ஒப்பனையும் இல்லாத இந்த நாடகத்தில் பெயரே வேடம், பெயரே திரைச்சீலை. 1983இல் இங்கிலாந்தில் வெளிவந்த 'வார்ஹாமர்' விளையாட்டில் ஒரு பேரரசனுக்கு கார்ல் பிரான்ஸ் என்று பெயர். சொன்னவுடனே ஜெர்மானியக் கோட்டை கொத்தளங்கள் கண்முன் எழுகின்றன அல்லவா? அதே உலகில் பிரெட்டோனியா பிரெஞ்சுச் சாயல் கொண்டது. கிஸ்லெவ் உருசியச் சாயல் கொண்டது. கத்தாய் சீனச் சாயல் கொண்டது. உண்மை நாட்டின் நிழலைக் கற்பனை நாட்டின்மேல் விழச் செய்வது குற்றமாகாது. கேட்பவருக்குப் பாதி விளக்கம் மிச்சமாகிறது.

ஆனால், பெயர் மட்டும் வந்து பொருள் வராமற் போனால்?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1977ஆம் ஆண்டுக் கொடிய உயிரினத் தொகுப்பில் 'ராட்சசர்' இடம் பெற்றனர். படத்தில் புலித்தலை, கையில் புகைக்குழல். இனம் முழுவதும் தீயது என்பது விதி. நமது இராமாயண அரக்கர் இப்படியா? அறம் நாடி அண்ணனைப் பிரிந்தான் வீடணன். அண்ணன் செய்தது தவறென்று எடுத்துரைத்தும், அவனுக்காகவே போர்க்களம் சென்று மடிந்தான் கும்பகருணன். இருவரில் யார் செய்தது சரி என்று பட்டிமன்றம் நடக்காத ஊர் நம்மிடம் உண்டோ? அந்த அறப்போராட்டம் விடுபட்டது. புலித்தலை மட்டும் மிஞ்சியது. ஜப்பானில் 1990இல் வெளிவந்த 'ஃபைனல் ஃபேன்டசி' மூன்றாம் பாகத்திலோ 'சிவா' என்பவள் பனியை ஏவும் பெண்!

இதைக் கண்டு சினங்கொண்டு கொடிபிடிக்க வேண்டும் என்பதன்று என் கருத்து. கடல்போன்ற ஒரு கதைமரபின் கரைக்கு வந்தவர்கள் ஒரு சிப்பியை மட்டும் பொறுக்கிச் சென்றுவிட்டார்களே என்பதுதான் என் வருத்தம்.

"விளையாட்டுதானே, விட்டுவிடுங்கள்" என்பார் உண்டு. விளையாட்டில் கற்றதே நெஞ்சில் ஊன்றும். பல்லாங்குழியில் கணக்குக் கற்ற மக்கள் நாம். 1985இல் வந்த 'ஓரியண்டல் அட்வென்சர்ஸ்' என்ற நூல் கீழ்த்திசைப் பண்பாடுகளை ஒரே அட்டைக்குள் அடக்கிக் காட்டியது. அதைப் படித்து வளர்ந்த இளைஞனுக்குச் சீனரும் ஜப்பானியரும் ஒரே கூட்டமாகத் தோன்றினால் வியப்பென்ன? பழைய நூல்களின் மின்பதிப்புகளில் இனச்சாய்வு இருக்கக்கூடும் என்று 2020இல் பதிப்பகமே குறிப்புச் சேர்த்தது.

அப்படியானால் எப்படி எடுப்பது? ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் டோல்கீன், 1954-55இல் வெளிவந்த தம் பெருங்கதையில், குதிரை வளர்க்கும் ரோகன் நாட்டாருக்குப் பழைய ஆங்கிலத்தில் பெயரிட்டார். தியோடன் என்றால் அரசன். இயோவின், இயோமர் என்னும் பெயர்களின் முற்பகுதி குதிரையைக் குறிக்கும். பெயரைக் கேட்டாலே அம்மக்களின் தொழிலும் உள்ளமும் விளங்குகின்றன. அவர் எடுத்துக்கொண்டது பெயரிடும் முறையை!

நம் முன்னோரும் இக்கலை அறிந்தவரே. விபீஷணனைத் தமிழ் ஒலிக்கேற்ப வீடணன் ஆக்கினார் கம்பர். பாத்திரத்தின் பண்பு குறையவில்லை. இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் தேம்பாவணியில் சூசையப்பரை 'வளன்' என்றழைத்தார். அதற்கும் மேலாக, மணிமேகலை ஆசிரியரின் பெயரைப் பாருங்கள்: மதுரைக் கூலவாணிகன் சாத்தனார். ஊர், தொழில், ஆள் மூன்றும் ஒரே பெயரில்! இம்முறையில் பெயரிட்டால் எந்தக் கற்பனை நகரும் உயிர்பெற்று எழும்.

பிறர் பண்பாட்டை அந்த மண்ணில் பிறந்தவர்தாம் எழுத வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. கற்றவர் எவரும் எழுதலாம். ஆயினும் பிறந்தவர் வாய்மூடி இருக்கவும் கூடாது. புனேயில் உருவான 'ராஜி' என்ற விளையாட்டு 2020இல் வெளிவந்தது. 2022இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளியிட்ட ஒரு தொகுப்பில், வங்க மண்ணின் சாயலில் 'சங்கபூமி' என்னும் நாட்டை எழுதினார் மிமி மண்டல். கதவு திறந்துதான் இருக்கிறது.

கணிப்பொறி பயிலும் நண்பர்களே! நீங்கள் ஓர் உலகம் படைக்கும்போது, தமிழ் பயிலும் நண்பர் ஒருவரை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். தமிழ் மாணவர்களே! சங்கப் புலவர் பெயர்களைத் தேர்வுக்காக மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். அவற்றில் எத்தனையோ ஊர்கள் குடியிருக்கின்றன. பெயரோடு ஊரும் வரட்டும்.