எந்த அடி தம்பி?

எங்க ஹாஸ்டல்ல பக்கத்து ரூம்ல ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தன் ஹெட்போனைக் கழட்டி, "இது கேபர்டா" என்பான். இன்னொருத்தன், "டேய், வேகத்தைக் கேளு, இது ஸ்பீட்கோர்" என்பான். செமஸ்டருக்கு முதல் நாள்கூட இந்தச் சண்டை நிக்காது. ஹார்ட்கோர் எலெக்ட்ரானிக் பழகாத காதுக்கு ரெண்டுமே சுவத்துல ஆணி அடிக்கிற சத்தம்தான். "எல்லாம் டம் டம்தானே, இதுக்கு எதுக்குடா இத்தனை பேரு?"ன்னு நானும் சிரிச்சிருக்கேன். நீங்களும் சிரிச்சிருப்பீங்க.

அந்தப் பேர்கள்ல கொஞ்சம் கணக்கு இருக்கு. கேபர் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 160-லிருந்து 190 அடி. ஸ்பீட்கோர் 300-ஐத் தாண்டும். 1000-ஐயும் தாண்டினா எக்ஸ்ட்ராடோன். இப்ப 1200-ஐ 60-ஆல வகுங்க. விநாடிக்கு 20 அடி, அதாவது 20 ஹெர்ட்ஸ். மனுசக் காதுக்குக் கேட்கிற எல்லை அங்கதான் ஆரம்பிக்குது. அதுக்கு மேல போகப்போக அடி தனித்தனியா கேட்காது, எல்லாம் ஒட்டிக்கிட்டு ஒரே சுருதியா ரீங்காரம் போடும். (சிக்னல்ஸ் பேப்பர்ல இதைக் கேட்டிருந்தா நான் அரியர் வச்சிருக்க மாட்டேன்.)

ஆனா எல்லாப் பேருக்கும் பின்னாடி இயற்பியல் இல்ல. கேபர்ங்கிறது டச்சுப் பேச்சுவழக்குல 'கூட்டாளி', நம்ம 'மாப்ள' மாதிரி. 90-களோட ஆரம்பத்துல ரோட்டர்டாம் துறைமுகத்துப் பசங்களை ஆம்ஸ்டர்டாம்காரங்க இளக்காரமா அப்படிச் சொன்னாங்க. இவங்க அந்தச் சொல்லையே தூக்கித் தலையில வச்சுக்கிட்டாங்க. அந்தப் பேருக்குள்ள ஒரு ஊரே இருக்கு. நம்ம ஊர்ல இதே சண்டை எங்க நடக்குதுன்னு எனக்குப் புரிஞ்சது போன வருஷக் கல்ச்சுரல்ஸ்ல.

போஸ்டர்ல 'குத்து நைட்'னு போட்டிருந்தோம். வேடசந்தூர் பக்கமிருந்து ஒரு தப்பாட்டக் குழு வந்திருந்தாங்க. மேடைக்குப் பின்னாடி தீ மூட்டி தோலைக் காய்ச்சிக்கிட்டிருந்தாங்க. கமிட்டி பேட்ஜைக் குத்திக்கிட்டு நான் போய், "அண்ணே, மாஸா ஒரு குத்து போடுங்கண்ணே" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "எந்த அடி தம்பி?" என்றார்.

எனக்கு ஒண்ணும் தெரியல. அவரே சொன்னார்: சாமிச்சாட்டு அடி, சப்பரத்து அடி, வாழ்த்தடி, மாரடிப்பு அடி, மருள் அடி, டப்பா அடி. கடைசியா லேசா சிரிச்சுக்கிட்டே, "சினிமா அடியும் இருக்கு." நாங்க கேட்ட 'குத்து' அவங்க பட்டியல்ல கடைசி வரி. தெய்வம் வர்றதுக்கு ஒண்ணு, சப்பரம் நகர்றதுக்கு ஒண்ணு, எழவுக்கு ஒண்ணு. ரோட்டர்டாம் வேகக் கணக்கு தெரிஞ்ச நமக்கு, பஸ் ஸ்டாண்டிலிருந்து அரை மணி நேரத்துல இருக்கிற ஊரோட தாளத்துக்குத் தெரிஞ்ச பேரு ஒண்ணே ஒண்ணு.

அடிகளுக்கே இப்படின்னா, கருவியோட பேருக்கு இன்னும் பெரிய சண்டை. திண்டுக்கல், மதுரைப் பக்கம் 'தப்பு'ன்னுதான் அதிகம் கேட்போம். 'தப்பு'ன்னா பிழைங்கிற அர்த்தமும் வருதே, 'பறை'ன்னே சொல்லணும்னு ஒரு தரப்பு. பறைன்னா சொல்லுறது, அறிவிக்கிறது. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் தனிப் பறை உண்டுங்குது. பின்னாடி வந்தவங்க குறிஞ்சிக்குத் தொண்டகம், பாலைக்குத் துடி, நெய்தலுக்கு மீன்கோட்பறைன்னு பிரிச்சுக் கொடுத்திருக்காங்க. வகை பிரிச்சுப் பேரு வைக்கிறது ரெடிட்ல பிறந்த பழக்கம் இல்ல பாஸ்.

இன்னொரு தரப்பு, அந்தப் பேரையே சாதிப் பேராக்கி வசவா எறிஞ்சாங்களே, அதை எப்படி வாயில எடுக்கிறதுன்னு கேட்குது. ஆங்கில அகராதியில 'பரையா'ன்னு தேடிப் பாருங்க: சமூகம் ஒதுக்கி வச்ச ஆளுன்னு இருக்கும். அது இங்கிருந்து போன சொல்தான். ரெண்டு தரப்புக்கும் வலி ஒண்ணு.

"இசைக்கு ஏதுங்க சாதி?"ன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு கேள்வி. உங்க ஊர்ல எழவு விழுந்தா யாரைக் கூப்பிட்டு அடிக்கச் சொல்றாங்க? அவங்க மாட்டேன்னு சொல்ல முடிஞ்சதா? எத்தனையோ ஊர்ல, மாட்டேன்னு சொல்றதே ஒரு போராட்டமா இருந்திருக்கு. அதே கருவியை எடுத்து, 1990-ல் நம்ம திண்டுக்கல்லில் தொடங்கின சக்தி கலைக்குழு, தலித் பெண்கள் கையில கொடுத்தது. எழவு வீட்டுக் கட்டாயமா இருந்ததை அவங்க கலைன்னு மேடையில வச்சு ஆடினாங்க. 2025-ல் மதுரை மாவட்டத்து வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ வந்தப்போ, எல்லாச் செய்தியிலும் பறை இசைக் கலைஞர்னுதான் இருந்துச்சு. ஒரு பேரு இந்த அளவுக்கு நிமிர்ந்து நிக்க எத்தனை பேர் உழைச்சிருக்கணும்!

அதனால தப்பா பறையான்னு நான் தீர்ப்பு சொல்லப் போறதில்ல. அடிக்கிறவங்க என்ன சொல்றாங்களோ அதுதான் பேரு. ஒரு குழு தப்புன்னு சொல்லலாம், அடுத்த குழு பறைன்னு சொல்லலாம், ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கணும், அவ்வளவுதான். 'குத்து'ங்கிற பேருல மட்டும் எனக்குச் சண்டை இருக்கு. சினிமாப் பாட்டுக்கு அது சரி, நானும் ஆடுவேன். ஆனா தப்பாட்டக் குழுவை அந்தப் பேருல மேடையேத்தினா கருவியும் காணாமப் போகுது, ஆளும் காணாமப் போறாங்க. மிஞ்சுறது நம்ம ஆட்டம் மட்டும்தான்.

இந்த வருஷக் கமிட்டி மீட்டிங்ல, போஸ்டர்ல குழுவோட பேரு, கருவியோட பேரு, வாசிக்கப் போற அடிகளோட பேரு மூணும் வரணும்னு கேட்டேன். டிசைன் பண்ற நண்பன் இடம் பத்தாதுன்னான். அவன் லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தேன். டி.ஜே. பேருக்குக் கீழே ஹவுஸ், டெக்னோ, ட்ராப், ஹார்ட்ஸ்டைல்னு நாலு வகை, பளபளன்னு.

அந்த ஃபான்ட்டைக் கொஞ்சம் குறைடான்னு சொல்லியிருக்கேன்.